அடுக்களைக் கணக்கும் கடன் கணக்கும்

கற்றல் நோக்கங்கள்
1. மளிகைச் செலவுக்கும் குடும்பக் கடனுக்கும் உள்ள தொடர்பை அறிதல்.
2. பலவகைக் கடன்களின் உண்மையான விலையைக் கணக்கிட்டு ஒப்பிடுதல்.
3. சிக்கனத்துக்கும் கருமித்தனத்துக்கும் உள்ள வேறுபாட்டை உணர்தல்.

எல்லைப்புறத்து வீடுகள்

கேரளத்தின் கிழக்கு எல்லையில் தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் புழங்கும் ஊர்கள் பல உள்ளன. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் முதலியவை அத்தகையன. இடுக்கி மாவட்டத்தில் மூணாறு, மறையூர், வட்டவடை, குமுளி முதலிய ஊர்களிலும் தமிழ் பேசும் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். ஒரு பகுதியில் உழவும் கூலி வேலையும், மற்றொரு பகுதியில் தேயிலை, ஏலத் தோட்ட வேலையும் பெரும்பாலோர்க்கு வாழ்வாதாரம்.

இவ்வீடுகளில் வருமானம் சீராக வருவதில்லை. மழை வலுத்தால் வேலை நிற்கும். கோடை நீண்டால் கொழுந்து குறையும். ஆனால் வயிற்றுக்கு விடுமுறை கிடையாது. வருமானம் இல்லாத வாரத்திலும் அரிசியும் பருப்பும் எண்ணெயும் தேவைப்படுகின்றன. அந்த இடைவெளியை நிரப்பவே கடன் வீட்டுக்குள் நுழைகிறது. திருமணம், மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்கு வாங்கிய கடனும் அதனோடு சேர்ந்துகொள்கிறது.

கடன்பட்ட குடும்பத்துக்கு வீட்டு வாடகையைக் குறைப்பது எளிதன்று. பேருந்துக் கட்டணத்தைக் குறைப்பதும் இயலாது. மாதந்தோறும் ஓரளவேனும் மாற்றியமைக்கக்கூடிய பெருஞ்செலவு மளிகைச் செலவே ஆகும். ஆகவே கடன் தீர்க்கும் முயற்சி அடுக்களையிலிருந்து தொடங்குவது இயல்பு. எதைக் குறைப்பது, மிஞ்சிய பணத்தை எந்தக் கடனுக்குக் கொடுப்பது என்பவையே இப்பாடம் ஆராயும் வினாக்கள்.

வட்டியில்லாக் கடனின் விலை

ஊர்க் கடைகளில் பற்று எழுதிப் பொருள் வாங்கும் வழக்கம் பழமையானது. மாதம் முழுவதும் நோட்டில் எழுதி வாங்கி, கூலி கிடைத்த நாளில் கணக்குத் தீர்ப்பர். கடைக்காரர் இதற்கு வட்டி கேட்பதில்லை. நோயும் வேலையின்மையும் வந்த காலத்தில் பல குடும்பங்களின் அடுப்பை அணையாமல் காத்தது இந்தப் பற்று நோட்டே. அந்த உதவி நன்றிக்குரியது.

எனினும், வட்டி இல்லை என்பதால் அந்தக் கடனுக்கு விலையே இல்லை என்று கருதுவது பிழை. பற்று வைத்தவர் அந்தக் கடையிலேயே தொடர்ந்து வாங்கியாக வேண்டும். வேறு கடையில் பருப்பு மலிவாகக் கிடைத்தாலும் அங்குச் செல்ல அவர் கையில் ரொக்கம் இருப்பதில்லை. கூலி முழுவதும் பழைய பற்றைத் தீர்ப்பதற்கே சென்றுவிடுகிறது. விலையைக் கேட்டுப் பேசும் துணிவும் குறைகிறது. தேவையான அளவை விடக் கிடைத்த அளவை வாங்கும் பழக்கமும் உண்டாகிறது.

ஆகவே, மளிகையும் கடனும் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் அல்ல. ஒரே முடிச்சின் இரு முனைகள். கடன் இருப்பதால் பொருளை அதிக விலைக்கு வாங்க நேர்கிறது. அதிக விலைக்கு வாங்குவதால் கடன் தீராமல் நிற்கிறது.

மலிவு விலைக்கு மூன்று வாயில்கள்

முதல் வாயில் நியாயவிலைக் கடை. மக்கள் வழக்கில் ரேஷன் கடை. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்படி கேரளத்தில் மஞ்சள் நிற அட்டை பெற்ற மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 35 கிலோ தானியமும், இளஞ்சிவப்பு நிற முன்னுரிமை அட்டை பெற்ற குடும்பத்துக்குத் தலைக்கு 5 கிலோ தானியமும் உரிமையாகும். 2023 ஜனவரி முதல் இந்தத் தானியம் விலையின்றி வழங்கப்படுகிறது. வேலைக்காக மாநில எல்லையைக் கடந்து வருவோரும் ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ ஏற்பாட்டின்படி, தாம் தங்கியுள்ள ஊரிலேயே இச்சட்டப்படியான தானியத்தைப் பெறலாம்.

இரண்டாம் வாயில் மாவேலிக் கடை. கேரள மாநில உணவுப் பொருள் வழங்கல் கழகம் 1974ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ‘சப்ளைகோ’ என்று மக்கள் அழைக்கும் அந்நிறுவனம் மாவேலிக் கடைகளை நடத்துகிறது. அரிசி வகைகள், பருப்பு, பயறு, சர்க்கரை, மிளகாய், மல்லி, தேங்காய் எண்ணெய் உள்ளிட்ட 13 பொருள்கள் அங்கு மானிய விலையில் விற்கப்படுகின்றன. வெளிச்சந்தை விலையைவிட 35 விழுக்காடு குறைவாக மானிய விலை இருக்க வேண்டும் என்று 2024ஆம் ஆண்டில் முறை வகுக்கப்பட்டது. ஓர் அட்டைக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு உண்டு; எல்லா நாளும் எல்லாச் சரக்கும் இருப்பதில்லை. ஆதலால் சரக்கு வரும் நாளை விசாரித்து, ரேஷன் அட்டையுடன் செல்ல வேண்டும்.

மூன்றாம் வாயில் விளையும் இடத்துச் சந்தை. வட்டவடையிலும் காந்தளூரிலும் கோசு, உருளைக்கிழங்கு, பீன்ஸ், பூண்டு ஆகியவை விளைகின்றன. சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியிலும் காய்கறிச் சாகுபடி உண்டு. அந்தந்தப் பருவத்தில் விளைந்த காயை விளைந்த இடத்துக்கு அருகில் வாங்கினால் விலையும் குறையும். வாடிய காயை வாங்கி வீணாக்குவதும் குறையும். வீட்டோரத்தில் ஒரு முருங்கையும் கறிவேப்பிலையும் நான்கு மிளகாய்ச் செடிகளும் இருந்தால், சில்லறையாகக் கரையும் பணம் கையில் நிற்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்று நினைத்தல் கூடாது. 100 கிராமுக்கு என்ன விலை என்று பிரித்துப் பார்த்த பின்னரே முடிவு செய்ய வேண்டும். சில பொருள்களில் சிறு பொட்டலமே மலிவாக இருப்பதும் உண்டு. தொலைவான சந்தைக்குச் செல்லும்போது பேருந்துக் கட்டணத்தையும் பொருளின் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

எடுத்துக்காட்டாக, இளஞ்சிவப்பு அட்டை உடைய நால்வர் கொண்ட ஒரு குடும்பத்தைக் கருதலாம். அக்குடும்பத்தின் மாத மளிகைச் செலவு 7,500 ரூபாய். அதற்கு மூன்று கடன்கள் உள்ளன.

அ. மளிகைக் கடைப் பற்று: 2,000 ரூபாய், வட்டி இல்லை.
ஆ. வட்டிக்காரரிடம் பெற்றது: 10,000 ரூபாய், நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டி. அதாவது மாதம் 500 ரூபாய்.
இ. வங்கி நகைக்கடன்: 40,000 ரூபாய், ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டி. அதாவது மாதம் ஏறத்தாழ 333 ரூபாய்.

அக்குடும்பத்தினர் ரேஷன் அரிசியைச் சமைக்காமல், முழு அரிசியையும் கடையிலேயே வாங்கி வந்தனர். ரேஷன் அரிசியைக் கஞ்சிக்கும் இட்லி மாவுக்கும் ஒருவேளைச் சோற்றுக்கும் பயன்படுத்தத் தொடங்கியதும் மாதம் 700 ரூபாய் மிஞ்சுகிறது. வாரத்துக்கு ஒருமுறை பட்டியல் எழுதி வாங்குவதால் 150 ரூபாயும், பொட்டலத் தின்பண்டத்துக்குப் பதிலாக வேகவைத்த பயறும் கடலையும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதால் 150 ரூபாயும் மிஞ்சுகின்றன. ஆக, மாதம் 1,000 ரூபாய். மாவேலிக் கடையில் வாங்கினால் மேலும் 300 ரூபாய் மிஞ்சும். ஆனால் அதற்குக் கூலி நாளில் கையில் ரொக்கம் வேண்டும். பற்று தீரும் வரை அது இயலாது.

இப்போது அந்த 1,000 ரூபாயை எந்தக் கடனுக்குச் செலுத்துவது? மிகப் பெரியது நகைக்கடன். வட்டி மிகுந்ததாகத் தோன்றுவது வட்டிக்காரர் கடன். ஆயினும் முதலில் தீர்க்க வேண்டியது கடைப் பற்று. 2,000 ரூபாய்ப் பற்று நிற்பதால் மாதம் 300 ரூபாய் மிச்சம் கைநழுவுகிறது. அது நூற்றுக்கு மாதம் 15 ரூபாய் வட்டி கொடுப்பதற்குச் சமம். வட்டிக்காரர் வாங்குவதோ நூற்றுக்கு 5 ரூபாய்தான். வட்டியில்லாக் கடனே இக்குடும்பத்தின் மிக விலையுயர்ந்த கடன்!

எனவே, பழைய பற்றை இரண்டு மாதங்களில் தீர்த்துவிடுவதாகக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, அவ்வாறே தீர்க்கின்றனர். மூன்றாம் மாதம் முதல் 1,300 ரூபாய் மிஞ்சுகிறது. அதனுடன், இதுவரை கொடுத்து வந்த வட்டித் தொகை 500 ரூபாயையும் சேர்த்து, மாதம் 1,800 ரூபாயை வட்டிக்காரருக்குச் செலுத்துகின்றனர். முதல் தவணையில் 500 ரூபாய் வட்டிக்குப் போக, 1,300 ரூபாய் அசலில் கழிந்து 8,700 ரூபாய் நிற்கும். அடுத்த மாத வட்டி 435 ரூபாய்தான். அசல் குறையக் குறைய வட்டியும் குறைகிறது. ஏழாவது தவணையில் கடன் முழுவதும் தீர்கிறது. இந்த ஏழு மாதங்களில் கொடுத்த மொத்த வட்டி ஏறத்தாழ 2,016 ரூபாய். வட்டியை மட்டுமே ஓராண்டு கட்டியிருந்தால் 6,000 ரூபாய் செலவாகியிருக்கும். 10,000 ரூபாய் அசலும் அப்படியே நின்றிருக்கும்.

அதே 1,300 ரூபாயை நகைக்கடனில் செலுத்தியிருந்தால் மாத வட்டியில் 11 ரூபாய்தான் குறைந்திருக்கும். வட்டிக்காரர் கடனில் செலுத்தியதால் 65 ரூபாய் குறைந்தது. பணம் ஒன்றே, இடம் மாறியதால் பயன் ஆறு மடங்கு ஆயிற்று. இதற்கிடையே நகைக்கடனை மறந்துவிடலாகாது. அதன் வட்டியைத் தவறாது கட்டி, தவணை நாளுக்கு முன் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் நகை ஏலத்துக்குப் போகும்.

முற்றத்து முல்லை

அசலைச் சிறிது சிறிதாகப் பெற்றுக்கொள்ள மறுக்கும் வட்டிக்காரரும் உண்டு. முழுத் தொகையையும் ஒரே நாளில் கேட்பர். அந்நிலையில் குறைந்த வட்டிக்குக் கடன் பெற்று, அதிக வட்டிக் கடனை அடைப்பது ஒரு வழி.

இதற்குத் துணை நிற்பது குடும்பஸ்ரீ. கேரள அரசின் இந்த வறுமை ஒழிப்பு இயக்கம் 1998 மே 17ஆம் நாள் மலப்புறத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒன்றுகூடி அமைக்கும் அயல்கூட்டமே அதன் அடித்தளம். உறுப்பினர்கள் வாரந்தோறும் கூடிச் சிறு தொகையைச் சேமிக்கின்றனர். சேர்ந்த பணத்திலிருந்து தேவைப்படுவோர் கடன் பெறுகின்றனர்.

கந்துவட்டியிலிருந்து மக்களை மீட்பதற்காகக் கேரளக் கூட்டுறவுத் துறை 2018ஆம் ஆண்டு பாலக்காடு மாவட்டத்தில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ‘முற்றத்தெ முல்ல’ என்பது அதன் பெயர். முற்றத்தில் பூத்த முல்லைக்கு மணமில்லை என்று மலையாளத்தில் ஒரு பழமொழி உண்டு. அருகில் இருப்பதன் அருமை தெரியாது என்பது அதன் பொருள். திட்டத்தின் பெயரோ, உதவி வீட்டு முற்றத்திலேயே இருக்கிறது என்று நினைவூட்டுகிறது. கூட்டுறவு வங்கி குடும்பஸ்ரீ குழுவுக்கு 9 விழுக்காடு வட்டியில் பணம் தருகிறது; குழு அதனை 12 விழுக்காடு வட்டியில் மக்களுக்குக் கடனாகத் தருகிறது. குழுவினர் வீட்டுக்கே வந்து வாரத் தவணையைப் பெற்றுக்கொள்வர்.

மேற்கண்ட குடும்பம் 10,000 ரூபாயை நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் பெற்று வட்டிக்காரர் கடனை அடைத்தால், முதல் மாத வட்டி 500 ரூபாய்க்குப் பதிலாக 100 ரூபாய் ஆகும். மாதம் 1,800 ரூபாய் செலுத்தி, நிற்கும் அசலுக்கு மட்டும் வட்டி கணக்கிட்டால், ஆறாவது மாதத்தில் கடன் தீரும். மொத்த வட்டி 341 ரூபாய் மட்டுமே. ஆனால் புதுக் கடனைப் பழைய கடன் அடைக்க மட்டுமே பயன்படுத்த வேண்டும். வேறு செலவுக்குத் திருப்பினால் இரு கடன்களும் நிற்கும்.

வட்டிக்குப் பணம் கொடுப்போர் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்று 1958ஆம் ஆண்டின் கேரளச் சட்டம் கூறுகிறது. அளவு மீறிய வட்டி வாங்குவதைத் தடுக்க 2012இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. மிரட்டப்படும் குடும்பம் காவல் துறையில் முறையிடலாம். கடன் வாங்கியது குற்றமன்று.

நெசவாளர் கண்ட நெறி

ரொக்கத்துக்கு வாங்கினால் மலிவு என்னும் இந்த உண்மையை உலகின் வேறொரு மூலையிலும் உழைப்பாளர்கள் கண்டறிந்தனர். இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் நகரத்து நெசவாளர் முதலிய தொழிலாளர் 28 பேர், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு 1844 டிசம்பர் 21ஆம் நாள் ஒரு சிறு கடையைத் திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி ஆகியவையே அவர்தம் சரக்கு. கலப்படமின்றி, சரியான எடையில், ரொக்கத்துக்கு மட்டும் விற்பது என்பது அவர்களின் நெறி. கிடைத்த இலாபத்தை, அவரவர் வாங்கிய அளவுக்கேற்பப் பங்கிட்டுக்கொண்டனர். அந்நெறியைப் பின்பற்றியே 1904ஆம் ஆண்டு சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது.

அயல்கூட்டத்துப் பெண்களும் இதனைச் செய்து பார்க்கலாம். பத்து வீடுகள் சேர்ந்து ஒரு மூட்டை அரிசியையும் ஒரு டின் எண்ணெயையும் மொத்த விலைக்கு வாங்கிப் பகிர்ந்துகொண்டால், ஒவ்வொரு வீட்டுக்கும் விலை குறையும்.

குறைக்கக் கூடாதவை

சிக்கனம் என்பது வயிற்றைச் சுருக்குவதன்று. பிள்ளைகளின் முட்டை, பால், பருப்பு ஆகியவற்றை நிறுத்தி மிச்சம் பிடித்தால், அந்தப் பணம் பின்னர் மருந்துக் கடைக்குச் செல்லும். வீட்டில் எல்லோரும் உண்ட பின் எஞ்சியதை உண்ணும் தாயின் உணவே பெரும்பாலும் முதலில் குறைகிறது. அது சிக்கனமன்று, குடும்பத்துக்காக உழைக்கும் உடலிடமிருந்து வாங்கும் மற்றொரு கடன்.

சிக்கனத்தால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடும் என்பதும் இல்லை. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பெண்கள் கூலி உயர்வும் போனசும் கேட்டுப் போராடினர். அப்போது 232 ரூபாயாக இருந்த நாட்கூலி பின்னர் 301 ரூபாயாக உயர்ந்தது. உழைப்புக்கு ஏற்ற கூலி இல்லாத இடத்தில் எத்துணைக் கணக்கு எழுதினாலும் மிஞ்சுவது சிறிதே. நியாயமான வருமானமும் ஒழுங்கான செலவும் சேரும்போதுதான் கடன் கரையும்.

கடன் தீர்ந்த பின்னும் ஒரு கடமை எஞ்சுகிறது. கடனுக்குச் செலுத்தி வந்த 1,800 ரூபாயில் ஒரு பகுதியையாவது அயல்கூட்டத்திலோ அஞ்சலகத்திலோ தொடர்ந்து சேமிக்க வேண்டும். வேலையில்லாத ஒரு மாதத்துக்கு வேண்டிய மளிகைப் பணம் சேர்ந்துவிட்டால், அடுத்த மழைக்காலத்தில் பற்று நோட்டைத் திறக்க வேண்டியிராது. ‘கடனில்லாக் கஞ்சி கால் வயிறு’ என்பர் முன்னோர். கணக்கு எழுதும் வீட்டில் அக்கஞ்சி முழு வயிற்றுக்கும் ஆகும்.

அருஞ்சொற்பொருள்

பற்று – கடையில் கடனாக வாங்கிய பொருளின் கணக்கு
அசல் – கடனாகப் பெற்ற முதல் தொகை
கந்துவட்டி – அளவுக்கு மீறிய வட்டி
தவணை – பகுதி பகுதியாகச் செலுத்தும் தொகை. செலுத்த வேண்டிய காலம்
ரொக்கம் – கைப்பணம்
மானியம் – விலையைக் குறைக்க அரசு தரும் உதவித் தொகை
கருமித்தனம் – தேவைக்கும் செலவிடாத குணம்

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. இளஞ்சிவப்பு அட்டைக் குடும்பத்துக்குத் தலைக்கு மாதம் ______ கிலோ தானியம் உரிமையாகும்.
2. குடும்பஸ்ரீ இயக்கத்தின் அடித்தளம் ______.
3. ராச்டேல் கடை திறக்கப்பட்ட ஆண்டு ______.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. பற்று வைத்தவர் வேறு கடையில் மலிவாக வாங்க இயலாமைக்குக் காரணம் என்ன?
2. ‘முற்றத்தெ முல்ல’ என்னும் பெயரின் பொருத்தத்தை எழுதுக.
3. தொலைவான சந்தைக்குச் செல்வோர் பொருளின் விலையோடு எதனைக் கூட்டிக்கொள்ள வேண்டும்?

இ. விரிவான விடை தருக.
1. பாடத்தில் வரும் குடும்பம் கடைப் பற்றை முதலில் தீர்த்தது ஏன்? கணக்குடன் விளக்குக.
2. சிக்கனத்துக்கும் கருமித்தனத்துக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுகளுடன் எழுதுக.

ஈ. கணக்கிட்டு எழுதுக.
ஒருவர் 6,000 ரூபாயை நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்குப் பெற்றார். ஓராண்டு வட்டியை மட்டும் கட்டினால் எவ்வளவு செலவாகும்? ஆண்டின் முடிவில் அவர் செலுத்த வேண்டிய அசல் எவ்வளவு?

உ. பிரித்து எழுதுக.
நாட்கூலி, வட்டியில்லாக்கடன், எல்லைப்புறம்

ஊ. எதிர்ச்சொல் தருக.
வரவு, இலாபம், மலிவு, சிக்கனம்

எ. செயல்பாடு
வீட்டுப் பெரியவர்களின் துணையுடன் ஒரு வாரத்து மளிகைச் செலவைப் பட்டியலிடுக. ஏதேனும் ஐந்து பொருள்களின் விலையை ஊர்க்கடை, மாவேலிக் கடை, சந்தை ஆகிய மூன்று இடங்களிலும் விசாரித்து அட்டவணையாக்குக. எப்பொருளை எங்கு வாங்குவது நன்று என்பதைக் காரணத்துடன் வகுப்பில் எடுத்துரைக்க.